ஈர்ப்பு ஒளியின் வேகத்தில் பரவுகிறது என்றால், பூமியை இழுப்பது எந்த நேரத்துச் சூரியன்?

நெடுவழி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை. நானாகவே படித்துவரும்போது எழுந்த இரண்டு ஐயங்களை இங்கே வைக்கிறேன்.

முதலாவது ஐயம். சூரிய ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 500 நொடிகள் ஆகின்றன. ஈர்ப்பும் அதே வேகத்தில்தான் பரவுகிறது என்றால், பூமியை இந்தக் கணத்தில் இழுப்பது 500 நொடிகளுக்கு முன்பு இருந்த சூரியனாகத்தானே இருக்க வேண்டும்? பூமி நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்வதால், பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் அதற்குள் 15,000 கி.மீ. இடம் மாறியிருக்கும். 15 கோடி கி.மீ. தொலைவுக்கு இது பத்தாயிரத்தில் ஒரு பங்கு சாய்வுதான். ஆனால் இழுவிசை அந்த அளவுக்கு ஓயாமல் பூமியின் பயணத் திசைப் பக்கம் சாய்ந்திருந்தால் பூமிக்கு ஆற்றல் கூடிக்கொண்டே போகும். கணக்கிட்டுப் பார்த்தால், சுமார் 1,200 ஆண்டுகளில் சுற்றுப்பாதையின் ஆரம் இரு மடங்காகிவிட வேண்டும் என்று வருகிறது. சூரியக் குடும்பமோ 450 கோடி ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. இந்தக் கணக்கில் எந்த எடுகோள் பொய்க்கிறது?

இரண்டாவது ஐயம். கருந்துளையிலிருந்து ஒளியே வெளியேற முடியாது என்றால், அதே வேகத்தில் செல்லும் ஈர்ப்பு மட்டும் எப்படி வெளியே வந்து பிற பொருள்களை இழுக்கிறது?

---

கணக்காசிரியர் எழுதியது:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இது மிகப் பழைய கேள்வி. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லப்லாஸ் 1805-இல் இதே வாதத்தை நிலவின் இயக்கத்தில் வைத்துப் பார்த்தார். விசை தாமதமாக வந்தால் நிலவின் பாதை ஆண்டுக்கு ஆண்டு மாற வேண்டும், அவ்வளவு மாற்றம் காணப்படவில்லை, ஆகவே ஈர்ப்பின் வேகம் ஒளியின் வேகத்தைப் போல் குறைந்தது 70 லட்சம் மடங்கு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். அவருடைய கணக்கில் பிழையில்லை. உங்கள் கணக்கிலும் இல்லை. நீங்கள் இருவரும் ஈர்ப்பை, சூரியனிலிருந்து கிளம்பி வந்து நம்மைப் பற்றி இழுக்கும் ஒன்றாக எடுத்துக்கொண்டீர்கள். தாமதம் என்பதை நியூட்டனின் விசையில் சேர்த்துவிட்டு, வேறு எதையும் மாற்றாமல் விட்டதுதான் சிக்கல்.

சூரியன் நிலையாக இருக்கும் சட்டகத்திலிருந்து, அதாவது சூரியனோடு நின்று பார்க்கும் பார்வையிலிருந்து, தொடங்குங்கள். அங்கே சூரியன் அசையவில்லை. 500 நொடிகளுக்கு முன்பும் அங்கேயேதான் இருந்தது. பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது, காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியின் வளைவுதான். சூரியனைச் சுற்றியுள்ள அந்த வளைவு காலத்தோடு மாறாமல் எல்லா இடத்திலும் ஏற்கெனவே அமைந்திருக்கிறது. பூமி தான் இருக்கும் இடத்தில் உள்ள வளைவுக்கு மட்டுமே உட்படுகிறது. அந்த வளைவு நேராகச் சூரியனின் மையத்தைக் காட்டுகிறது. இங்கே பயணம் செய்ய வேண்டிய செய்தி எதுவும் இல்லை. ஆகவே தாமதம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

இப்போது பூமியின் சட்டகத்துக்கு வாருங்கள். இங்கே சூரியன் நகர்கிறது. இந்தச் சட்டகத்தில் விடை வேறாக வந்தால் சார்பியலே குலைந்துவிடும். மின்காந்தவியலில் இதற்கு இணையான ஒன்றை நீங்கள் படித்திருப்பீர்கள். சீரான வேகத்தில் நேர்கோட்டில் செல்லும் மின்னேற்றத்தின் மின்புலம், அந்த மின்னேற்றம் முன்பு இருந்த இடத்தைக் காட்டாது. இப்போது இருக்கும் இடத்தையே காட்டும். மாற்றங்கள் ஒளியின் வேகத்தில்தான் பரவுகின்றன என்பதை முழுமையாக ஏற்றுக்கொண்டு, மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்த்துத்தான் இந்த விடை பெறப்படுகிறது. மின்னேற்றத்தின் பழைய இடம் மட்டுமல்லாமல் அதன் பழைய வேகமும் புலத்தில் பதிந்திருக்கிறது. வேகத்தைச் சார்ந்த உறுப்புகள், தாமதத்தால் வரும் சாய்வைச் சரியாக ஈடுசெய்துவிடுகின்றன.

பொதுச் சார்பியலில் இந்த ஈடுசெய்தல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே வேகத்தோடு முடுக்கத்தின் விளைவும் ஈடாகிவிடுகிறது. அதாவது, 500 நொடிகளுக்கு முன்பு சூரியன் எங்கே இருந்தது, எவ்வளவு வேகத்தில் சென்றது, எப்படி முடுக்கம் பெற்றது என்ற மூன்றையும் கொண்டு இப்போது எங்கே இருக்கும் என்று கணித்தால் எந்த இடம் கிடைக்குமோ, அந்த இடத்தை நோக்கியே இழுப்பு அமைகிறது. இயற்பியலாளர் ஸ்டீவ் கார்லிப் 2000-இல் வெளியிட்ட கட்டுரையில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். நீங்கள் கண்ட பத்தாயிரத்தில் ஒரு பங்கு சாய்வு, பூமியின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதமான v/c-தான். பொதுச் சார்பியலில் ஆற்றலை இழக்கவைக்கும் முதல் உறுப்பு, அந்த விகிதத்தின் ஐந்தாம் அடுக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. பத்தாயிரத்தில் ஒன்றை ஐந்து முறை பெருக்கிப் பாருங்கள், சூரியக் குடும்பம் ஏன் நிலைத்திருக்கிறது என்பது விளங்கும்.

ஈடாகாமல் மிஞ்சும் அந்தச் சிறு பகுதிதான், காலவெளியின் வளைவில் பரவும் அதிர்வான ஈர்ப்பலை சுமந்து செல்லும் ஆற்றலுக்குக் கணக்குச் சொல்கிறது. ஆகவே "தாமதத்தின் விளைவு எங்கே போயிற்று" என்ற கேள்விக்கும் "ஈர்ப்பலை எங்கிருந்து வருகிறது" என்ற கேள்விக்கும் விடை ஒன்றே. பலரும் இவை இரண்டையும் தனித்தனியாகவே படிக்கிறார்கள். அது வருத்தத்துக்குரியது, ஏனெனில் இந்தத் தொடர்பில்தான் ஈர்ப்பின் இயல்பு வெளிப்படையாகத் தெரிகிறது.

---

குறிஞ்சிமலர் எழுதியது:

கணக்காசிரியர் ஐயா சொன்னதன் தொடர்ச்சியாகவே இரண்டாவது கேள்விக்கும் விடை காணலாம். நிலையாக அமைந்த வளைவு பயணம் செய்வதில்லை. அதில் ஏற்படும் மாற்றம்தான் பயணம் செய்கிறது. இதை உறுதியாகப் பற்றிக்கொண்டால் கருந்துளைக் குழப்பம் நீங்கிவிடும்.

ஒரு பெரிய விண்மீன் தன் எடையைத் தாங்காமல் உள்நோக்கிச் சரிந்து கருந்துளையாகிறது என்று கொள்வோம். சரிவதற்கு முன்பே அந்த விண்மீனைச் சுற்றிலும் காலவெளி வளைந்திருந்தது. விண்மீன் தன் உருண்டை வடிவம் குலையாமல் சரிந்தால், வெளியே உள்ள வளைவு கொஞ்சமும் மாறுவதில்லை. இதைக் கணிதவியலாளர் பர்க்காஃப் 1923-இல் கணித முறையில் நிறுவினார். சூரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். அது எப்படியோ 3 கி.மீ. ஆரமுள்ள கருந்துளையாக ஒடுங்கிவிட்டாலும், பூமி இப்போது செல்லும் அதே பாதையில்தான் சென்றுகொண்டிருக்கும். வெளியே இருக்கும் வளைவு கருந்துளையின் உள்ளிருந்து புதிதாக வந்துகொண்டிருக்கும் ஒன்றன்று. விண்மீன் விட்டுச் சென்றது அங்கேயே இருக்கிறது. வெற்றிடத்துக்கான ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின்படி ஓரிடத்து வளைவு அதன் அக்கம்பக்கத்து வளைவோடு மட்டுமே கட்டுண்டது. அது நிலைத்திருக்க உள்ளிருந்து எந்த வரத்தும் தேவையில்லை. இரண்டு கருந்துளைகள் மோதும்போது வரும் அலைகளும் அவற்றின் எல்லைக்கு வெளியே உள்ள காலவெளியில் பிறப்பவையே.

"சூரியன் திடீரென்று மறைந்துவிட்டால் எட்டு நிமிடங்கள் கழித்துத்தான் நமக்குத் தெரியும்" என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். இந்த எடுத்துக்காட்டை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆற்றலும் உந்தமும் அழியாமை என்பது ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் உள்ளேயே இருக்கிறது. ஒரு நிறை தடயமின்றி மறைவதை அந்தச் சமன்பாடுகள் ஏற்பதில்லை. ஆகவே மறைந்தால் என்ன ஆகும் என்று அவற்றைக் கொண்டே விடை காணவும் முடியாது. சூரியன் இரண்டாகப் பிளந்து எதிரெதிர்த் திசைகளில் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் கேள்வி முறையானதாகிவிடும், அந்த மாற்றம் பூமியை எட்ட 500 நொடிகள் ஆகும் என்ற விடையும் முறையாகக் கிடைக்கும்.

சில அசைவுகள் ஈர்ப்பலையை எழுப்பாமல் இருப்பதற்கும் இந்த அழியாமையே காரணம். மொத்த நிறை மாறாது என்பதால், ஒரு கோளம் எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரிந்து சுருங்குவதால் அலை எழாது. மொத்த உந்தம் மாறாது என்பதால், நிறையின் மையம் முன்னும் பின்னும் ஆடுவதாலும் அலை எழ வழியில்லை. நிறை பரவியிருக்கும் வடிவமே, நீள்வாக்கிலும் குறுக்குவாக்கிலும் மாறிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் அதற்கு மிகப் பொருத்தமானவை.

---

நெடுவழி எழுதியது:

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மின்னேற்றத்தின் புலத்தை நான் தேர்வுக்காகப் படித்திருந்தும், அதை ஈர்ப்போடு இணைத்துப் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் இன்னும் கேட்க வேண்டும். ஐந்தாம் அடுக்கில் மிஞ்சும் பகுதி உண்மையிலேயே இருக்கிறது என்று எப்படி அளந்தார்கள்? ஈர்ப்பலையைப் பதிவுசெய்யும் அமெரிக்கக் கருவியான லைகோவில் காலவெளியே நீள்கிறது என்றால் அதற்குள் செல்லும் ஒளியின் அலைநீளமும் சேர்ந்துதானே நீளும்? அளவுகோலும் பொருளும் ஒன்றாக நீண்டால் வேறுபாடு எப்படித் தெரியும்?

---

அலைமானி எழுதியது:

முதலில் அளக்கப்பட்டது அலை அன்று, அலையால் ஏற்பட்ட இழப்பு. ரசல் ஹல்சும் ஜோசப் டெய்லரும் 1974-இல் அரிசிபோ வானொலித் தொலைநோக்கியின் வழியாக ஒரு பல்சரை, அதாவது சுழன்றபடி சீரான வானொலித் துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனை, கண்டுபிடித்தார்கள். அது இன்னொரு நியூட்ரான் விண்மீனை 7.75 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றிவருகிறது. நொடிக்கு 17 முறை துடிக்கும் அந்தப் பல்சரையே கடிகாரமாகக் கொண்டு ஆண்டுக்கணக்கில் நேரம் பார்த்தபோது, சுற்றுக்காலம் ஆண்டுக்கு 76 மைக்ரோநொடி குறைந்துவருவது தெரிந்தது. பாதை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. ஈர்ப்பலை எடுத்துச் செல்ல வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டால் வரும் சுருக்கமும் இதுவும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாட்டுடன் பொருந்துகின்றன. நீங்கள் கேட்ட மிச்சம் இதுதான். இருவருக்கும் 1993-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லைகோவைப் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. ஈர்ப்பலை உண்மையில் ஏதாவது செய்யுமா, வெறும் ஆயத்தொலைவுகளின் மாயமா என்று ஐன்ஸ்டைனே 1936-இல் தடுமாறியதுண்டு. சாப்பல் ஹில் நகரில் 1957-இல் நடந்த மாநாட்டில் இயற்பியலாளர் ஃபைன்மன் ஒரு வாதத்தை முன்வைத்தார். ஒரு கோலில் இரண்டு மணிகள் சற்று இறுக்கமாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. அலை கடக்கும்போது மணிகளுக்கு இடையிலான தொலைவு மாறும். கோலோ தன் அணுக்களின் பிணைப்பால் நீளாமல் நிற்கும். மணிகள் கோலில் உராயும். உராய்ந்தால் வெப்பம் உண்டாகும். வெப்பம் உண்டானால் அலை ஆற்றலைக் கொண்டுவந்தது என்றாகிறது. அலை எல்லாவற்றையும் ஒரே மாதிரி நீட்டிவிடுவதில்லை என்பதே இதன் உட்கருத்து. கட்டுண்டு கிடக்கும் பொருள் தன் நீளத்தைப் பெரும்பாலும் காத்துக்கொள்கிறது; தடையின்றி விடப்பட்ட பொருள்களுக்கு இடையிலான தொலைவுதான் மாறுகிறது.

லைகோவின் ஆடிகள் அப்படித் தடையின்றி விடப்பட்டவற்றுக்கு மிக நெருக்கமானவை. ஒவ்வோர் ஆடியும் 34 செ.மீ. விட்டமும் 40 கிலோ எடையும் கொண்ட தூய சிலிகாக் கண்ணாடி. அதே கண்ணாடியால் இழுக்கப்பட்ட, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள இழைகளில் தொங்குகிறது. தரையின் அதிர்வு எட்டாதபடி நான்கு அடுக்கு ஊசல்களின் கீழ் அது இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தான 4 கி.மீ. நீளக் கைகள் இரண்டு. அலை மேலிருந்து கடந்தால் ஒரு கை நீளும்போது மற்றது குறுகும். அரைச் சுழற்சி கழித்து மாறி நிகழும்.

ஒளியும் நீளாதா என்றால், அந்த நொடியில் கைக்குள் இருந்த ஒளி சற்று நீளத்தான் செய்யும். ஆனால் லைகோ ஒளியின் அலைநீளத்தை அளவுகோலாக வைத்துக் கையை அளப்பதில்லை. லேசர் மாறாத அதிர்வெண்ணில் முகடு முகடாகப் புதிய ஒளியை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு முகடு 4 கி.மீ. கடக்க 13 மைக்ரோநொடிதான் ஆகும். ஈர்ப்பலையின் ஒரு சுழற்சியோ நூறில் ஒரு நொடி அளவுக்கு நீள்கிறது. ஆகவே நீண்ட கைக்குள் புதிதாக நுழையும் முகடுகள் கூடுதல் தொலைவைக் கடந்து தாமதமாகத் திரும்புகின்றன, குறுகிய கைக்குள் சென்றவை முந்தித் திரும்புகின்றன. இரண்டும் சந்திக்கும் இடத்தில் முகடுகள் எவ்வளவு விலகி வந்து சேர்ந்தன என்பதே அளக்கப்படுகிறது. இது ஒரு நேர அளவீடு என்று புரிந்துகொண்டால் அளவுகோல் நீண்டுவிடுமே என்ற கவலை எழாது.

14 செப்டம்பர் 2015 அன்று லூசியானாவிலுள்ள லைகோவின் லிவிங்ஸ்டன் கருவியில் ஓர் ஈர்ப்பலை முதலில் பதிவானது. ஏறத்தாழ 7 மில்லிநொடி கழித்து, 3,000 கி.மீ. தொலைவில் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஹான்ஃபோர்டில் அதே வடிவம் பதிவானது. ஒளியே அந்தத் தொலைவைக் கடக்க 10 மில்லிநொடி ஆகும் என்பதால், அலை பக்கவாட்டில் சாய்ந்து வந்திருக்கிறது என்று கொள்ளலாம். அதிர்வெண் 35 ஹெர்ட்சிலிருந்து 250 ஹெர்ட்சுக்கு விறுவிறுவென்று ஏறி அடங்கியது. எல்லாம் ஐந்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிட்டது. உச்சத்தில் நீளமாற்றம் 10²¹-இல் ஒரு பங்கு, 4 கி.மீ. கைக்கு அது ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு. சூரியனைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள் இணைந்து 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. குறைந்த 3 சூரிய நிறைதான் அலையாக வெளியேறி, 130 கோடி ஒளியாண்டுகள் கடந்து இங்கே வந்தது. இணைந்த கருந்துளை அதிர்ந்து அடங்கும் கடைசிப் பகுதியின் இயல்பை, பெங்களூரைச் சேர்ந்த சி.வி. விசுவேஸ்வரா 1970-இலேயே கணித்திருந்தார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

---

கணக்காசிரியர் எழுதியது:

அலைமானி அவர்கள் சொன்னதோடு வேகம் பற்றிய சான்றையும் சேர்த்துவிடலாம். 2015-ஆம் ஆண்டுப் பதிவு, இரு கருவிகளுக்கு இடையிலான தாமதத்தைக் கொண்டு வேகத்துக்குத் தோராயமான ஒரு வரம்பையே தர முடிந்தது. அதற்கு முன்பு 2002-இல், வானில் வியாழன் ஒரு குவேசாருக்கு (மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான விண்மீன் மண்டல மையத்துக்கு) அருகே கடந்து சென்றபோது அந்தக் குவேசாரின் வானொலி அலைகள் வளைந்ததை வைத்து ஈர்ப்பின் வேகத்தை அளந்ததாக இருவர் அறிவித்தார்கள். அவர்கள் அளந்தது ஒளியின் வேகமே தவிர ஈர்ப்பின் வேகம் அன்று என்று வேறு சில அறிஞர்கள் மறுத்தார்கள். மறுப்பில் வலு இருக்கிறது என்பது என் கருத்து.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று 17 ஆகஸ்ட் 2017 அன்று கிடைத்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது எழுந்த அலை, சுமார் 100 நொடிகள் கருவிகளில் தொடர்ந்து பதிவாகி முடிந்தது. அது முடிந்து 1.7 நொடியில் ஃபெர்மி விண்கலம் காமா கதிர் வெடிப்பைக் கண்டது. பதினொரு மணி நேரத்துக்குள் சிலியிலுள்ள தொலைநோக்கி ஒன்று என்.ஜி.சி. 4993 என்ற விண்மீன் மண்டலத்தில் அதன் ஒளியைப் பிடித்தது. தொலைவு 13 கோடி ஒளியாண்டுகள். அத்தனை காலம் பயணம் செய்து 1.7 நொடி இடைவெளியில் இரண்டும் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த இடைவெளியும் காமா கதிர் சற்றுத் தாமதமாகக் கிளம்பியதால் வந்திருக்கலாம். இதிலிருந்து ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் 10¹⁵-இல் சில பங்குக்கு மேல் வேறுபட முடியாது என்று வரம்பு கட்டினார்கள். பேரண்டம் விரிவடையும் வேகம் கூடிவருவதை விளக்க முன்வைக்கப்பட்டிருந்த மாற்று ஈர்ப்புக் கோட்பாடுகளில் பல, இந்த ஒரே நிகழ்வால் கைவிடப்பட்டன.

---

நெடுவழி எழுதியது:

தெளிவாகப் புரிகிறது. முதல் கேள்விக்கே திரும்ப வருகிறேன்: பூமியும் சூரியனும் ஒன்றையொன்று சுற்றுவதால் அவையும் அலையை வெளியிடுகின்றன அல்லவா? அதன் அளவு என்ன?

---

குறிஞ்சிமலர் எழுதியது:

ஆம், வெளியிடுகின்றன. சுமார் 200 வாட். வீட்டு விளக்குகள் சிலவற்றுக்கே போதுமான திறன். அலையின் அதிர்வெண் சுற்றும் அதிர்வெண்ணின் இரு மடங்கு; அதாவது ஆறு மாதத்துக்கு ஓர் அலை. கணக்காசிரியர் ஐயா சொன்ன ஐந்தாம் அடுக்கு உறுப்பிலிருந்தே இதை நீங்கள் வருவித்துப் பார்க்கலாம். உங்கள் கணக்கில் பாதை விரிந்தது. இங்கே அது சுருங்குகிறது, நாளொன்றுக்கு ஒரு புரோட்டானின் விட்டத்தையும்விடக் குறைவாக. சூரியன் ஒளியாலும் சூரியக் காற்றாலும் நிறையை இழந்துவருவதால் நம் பாதை மெல்ல விரிவதுண்டு. அந்த விரிவு இந்தச் சுருக்கத்தைவிடப் பன்மடங்கு பெரிது.